பழுவூர் இளையராணியும் வாசகர் தீர்ப்பும்

தோற்றுவாய்

அரியலூரிலிருந்து தஞ்சை நோக்கிச் செல்லும் சாலையில் கீழப்பழுவூர் என்னும் ஊர் உள்ளது. அதற்கு அண்மையில் மேலப்பழுவூரும் கீழையூரும் அமைந்துள்ளன. இம்மூன்றும் சேர்ந்ததே பழைய பழுவூர். திருஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறைக் கோயில் கீழப்பழுவூரில் நிற்கிறது. கீழையூரில் முதலாம் ஆதித்தன் காலத்தைச் சேர்ந்த அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்னும் இரட்டைக் கோயில் நிற்கிறது. சோழர் வரலாற்றில் நூறாண்டுக்கு மேல் பெயர் பெற்றிருந்த பழுவேட்டரையர் என்னும் சிற்றரசர் மரபின் தலைநகரம் இது.

ஆயினும், பழுவூர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் நெஞ்சில் முதலில் தோன்றுவது சம்பந்தர் பதிகம் அன்று. கோயிற் கல்வெட்டும் அன்று. மூடுபல்லக்கின் திரையை விலக்கி எட்டிப் பார்க்கும் ஒரு பெண்ணின் முகமே முதலில் தோன்றுகிறது. அவள் பழுவூர் இளையராணி நந்தினி. எந்தக் கல்வெட்டிலும் அவள் பெயர் இல்லை. எந்தச் செப்பேடும் அவளை அறியாது. கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி தம் கற்பனையால் படைத்த பெண் அவள். படைத்தவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவள் செய்துகொண்ட திருமணம் முறையா, தவறா என்னும் வழக்கை மட்டும் வாசகர் இன்னும் முடிக்கவில்லை.

அறுபது வயதைக் கடந்த பெருவீரரான பெரிய பழுவேட்டரையரை இளமங்கையான நந்தினி மணக்கிறாள். அம்மணத்தில் அவள் பக்கம் அன்பு இல்லை, கணக்கு உண்டு. இத்தகைய மணத்தைப் பற்றி வாசகர் கூறிய தீர்ப்புகள் யாவை, அவை காலந்தோறும் எவ்வாறு மாறின, அத்தீர்ப்புகளுக்கு அடியில் பழுவூரின் மெய்யான வரலாறு எவ்வாறு மறைந்து கிடக்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கு மணமும் தமிழ் மரபும்

அன்பின் ஐந்திணையைப் போற்றிய தமிழ் மரபு, அன்பில்லாத கூட்டுறவையும் அறியாமல் இருக்கவில்லை. தொல்காப்பியர் பெருந்திணைக்குக் கூறும் குறிகளுள் இளமை கழிந்த நிலையில் எழும் வேட்கையும் ஒன்று. ஒத்த அன்பும் ஒத்த பருவமும் இல்லாத உறவு அகத்தின் நடுவிடத்தைப் பெறாது என்பதே அவர் கருத்து. நந்தினியின் மணத்தை இலக்கண நூலின் துணைகொண்டு வகைப்படுத்த விரும்புவோர்க்குப் பெருந்திணை என்னும் பெயர் ஆயத்தமாகவே இருக்கிறது.

புறத்திணையிலும் இதற்கு இடம் உண்டு. மகட்பாற் காஞ்சி என்னும் துறையில், வலிய வேந்தன் பெண் கேட்டு வருகிறான். சிற்றூர்த் தலைவன் கொடுக்க மறுக்கிறான். ஊர் அழியப் போகிறதே என்று புலவர் இரங்குகிறார். பெண்ணின் மனம் என்ன என்று அப்பாடல்களில் எவரும் கேட்பதில்லை. பாரி இறந்தபின் கபிலர் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணந்துகொள்ள வேண்டிய செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கும் மணம் என்பது அடைக்கலம் தேடும் முயற்சியாகவே அமைகிறது.

பிற்காலச் சோழரின் அரசியலில் இவ்வழக்கம் ஒரு கலையாகவே வளர்ந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரமே அதற்குச் சான்று. அந்நகரை அமைத்த முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவி வேங்கி நாட்டு இராசராச நரேந்திரனுக்கு மனைவியானாள். அந்த இராசராச நரேந்திரனும் முதலாம் இராசராசனின் மகள் குந்தவைக்குப் பிறந்தவனே. இரண்டு தலைமுறை மண உறவின் பயனாகப் பிறந்தவன் 1070இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன்.

வீரராசேந்திரன் தன் மகளை மேலைச் சாளுக்கிய இளவரசன் ஆறாம் விக்கிரமாதித்தனுக்கு மணம் செய்வித்ததும் இத்தகையதே. தலைமுறைகளாகப் போரிட்டுவந்த இரு குலங்கள் ஒரு மணப்பந்தலில் சமாதானம் பேசின. வீரராசேந்திரன் இறந்தபின் விக்கிரமாதித்தன் கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்து தன் மைத்துனனை அரியணையில் அமர்த்திச் சென்றதையும், அம்மைத்துனன் விரைவில் உயிரிழந்ததையும் வடமொழிப் புலவர் பில்கணர் பாடியுள்ளார். அந்தச் சோழ இளவரசி, தமையன் இறந்த செய்தியைக் கணவன் வீட்டிலிருந்து எவ்வாறு கேட்டாள் என்பதைப் புலவர் எவரும் பாடவில்லை. கணக்கு மணங்களில் கணக்கைப் பற்றிய குறிப்பு கிடைக்கும். மணமகளைப் பற்றிய குறிப்பு கிடைப்பது அரிது. கல்கியின் நாவல் வாசகரை இவ்வளவு தூரம் ஈர்த்ததற்குக் காரணம், அந்த மணமகளைப் பேச வைத்ததே எனலாம்.

நாவலுக்குள்ளேயே தொடங்கும் விசாரணை

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி 1954 மே மாதத்தில் நிறைவுற்றது. மூன்றரை ஆண்டுக் காலம், வாரம் ஒரு பகுதியாக, ஐந்து பாகங்கள் வெளிவந்தன. மணியம் வரைந்த ஓவியங்கள் கதைமாந்தர்க்கு முகம் கொடுத்தன. கல்கி இதற்கு முன்பே ‘சிவகாமியின் சபத’த்தில் இத்தகைய மணம் ஒன்றைக் காட்டியிருந்தார். அங்கு மாமல்லன் அரசியல் தேவையின் பொருட்டுப் பாண்டியன் மகளை மணக்கிறான். சிவகாமி தனித்து விடப்படுகிறாள். அங்குக் கணக்கு மணம் செய்தவன் ஆடவன். அவனை அரசகடமையின் பெயரால் மன்னிப்பது வாசகர்க்கு எளிதாயிற்று. நந்தினியின் கதையில் கணக்குப் போடுபவள் பெண். மன்னிப்பு எளிதில் கிட்டாமற்போனதும் இங்கேதான்.

அம்மணத்தைப் பற்றிய விசாரணையை வாசகர் தொடங்குவதற்கு முன்பே கதைமாந்தர் தொடங்கிவிடுகின்றனர். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிய சிற்றரசர் கூட்டத்தில், முதிய வயதில் பழுவேட்டரையர் செய்துகொண்ட மணமும் அவர் செல்லுமிடமெல்லாம் உடன்வரும் மூடுபல்லக்கும் பேச்சாகின்றன. அவர் சினம் கொள்கிறார். தம்பி சின்னப் பழுவேட்டரையர் தமையனிடம் நேரிலேயே எச்சரிக்கிறார். பழையாறையில் குந்தவை ஐயுறுகிறாள். ஆக, ஊர்வாய், உடன்பிறப்பு, பகை என மூன்று திசைகளிலிருந்தும் இம்மணத்தின்மீது கருத்துகள் வந்து விழுகின்றன. வாசகர் அவற்றுள் எதனையும் தமதாக்கிக்கொள்ளலாம்.

நந்தினி தன் கணவரிடம் நோன்பு ஒன்றைக் காரணம் காட்டி விலகியே வாழ்கிறாள். அவள் நாடியது இல்லறம் அன்று. வீரபாண்டியன் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலனைப் பழிவாங்குதற்குரிய இடம், பொருள், அதிகாரம் ஆகியனவே. தனாதிகாரியின் மனைவி என்னும் நிலை அவளுக்கு அவற்றைத் தந்தது. பழுவேட்டரையருக்கோ அவள் வெறும் அழகுப் பதுமை அல்லள். உடம்பில் அறுபத்து நான்கு போர்த்தழும்புகள் தாங்கிய அம்முதியவர், வாழ்வின் மாலையில் முதன்முறையாக ஓர் உயிரிடம் தோற்கிறார். ஒருவர் பக்கம் கணக்கும் மற்றவர் பக்கம் அன்பும் இருக்கும் இம்மணத்தில் ஏமாற்றியவர் யார், ஏமாந்தவர் யார் என்பதை வகுத்துரைப்பது தோன்றுமளவுக்கு எளிதன்று.

தொடர்கதை என்னும் வடிவம் இத்தீர்ப்பை மேலும் கடினமாக்கிற்று. ஒரு வாரம் நந்தினி நஞ்சாகத் தோன்றுவாள். பின்னொரு வாரம் அவளது பிறப்பின் மறைபொருள் சிறிது வெளிப்படும். ஊமையான மந்தாகினியின் துயரம் அவள்மீதும் படியும். வீரபாண்டியன் உயிருக்காக அவள் கரிகாலனிடம் கெஞ்சியதும், அவன் அதைக் கேளாது வாளை வீசியதும் தெரியவரும். சென்ற வாரம் சினந்த வாசகர் இந்த வாரம் இரங்க நேரிடும். நூலாக ஒரே மூச்சில் படிப்பவர்க்கு இவ்வனுபவம் இல்லை. ஏழு நாள் இடைவெளியில் வீட்டுத் திண்ணையிலும் அலுவலகத்திலும் பேசிப் பேசி வளர்ந்த கருத்து அது.

1950ஆம் ஆண்டின் வாசகர்

அன்றைய வாசகர் இம்மணத்தை வெறுங்கதையாகப் படித்திருக்க முடியாது. பொருந்தா மணம் என்னும் சொல் அப்போது தமிழ்நாட்டு அரசியலின் சூடான சொல். 1949 சூலையில் தந்தை பெரியார், தம்மினும் வயதில் மிக இளையவரான மணியம்மையாரைத் திருமணம் செய்துகொண்டார். இயக்கத்தின் சொத்துக்கும் பணிக்கும் சட்டப்படியான பாதுகாப்பு வேண்டியே அவ்வேற்பாடு என்று அவர் விளக்கினார். அறிஞர் அண்ணாவும் அவரைச் சார்ந்தோரும் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 17ஆம் நாள் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது. நாவலின் முதல் இயல் வெளியானது அதற்கடுத்த ஆண்டிலேயே. இவ்விரண்டையும் முடிச்சிட நாவலில் வெளிப்படையான சான்று ஏதுமில்லை, முடிச்சிடுவது முறையுமன்று. எனினும், வயது வேறுபாடுள்ள மணம், மணத்தின் பின்னுள்ள நோக்கம், அதனால் பிளவுபடும் ஓர் அமைப்பு என்பன அன்றைய வாசகர் காதில் வேற்றுச் செய்திகளாக ஒலித்திருக்க மாட்டா என்பது நோக்கத்தக்கது.

சட்டத்தின் நிலையும் அவ்வாறே. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்கு ஆக்கியது. 1949இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழிசெய்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா நாடாளுமன்றத்தில் முடங்கியதைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டி அண்ணல் அம்பேத்கர் 1951இல் பதவி விலகினார். இந்து திருமணச் சட்டம் 1955இல் நிறைவேறியது. அதாவது, பெண் விரும்பாத மணத்திலிருந்து வெளியேறலாமா என்று நாடே வாதிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் நந்தினியின் கதை வாரந்தோறும் வீடுகளுக்குள் நுழைந்தது.

கல்கிக்கும் இவ்வழக்கு புதிதன்று. அவர் எழுதிய ‘தியாகபூமி’ ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்தது, 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது. விருப்பமின்றி மணந்து தன்னைத் துன்புறுத்திய கணவனுடன் வாழ மறுத்து, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்று நீதிமன்றத்தில் நிற்கும் சாவித்திரியை அங்கு அவர் படைத்தார். சாவித்திரிக்கு நீதிமன்றம் இருந்தது. பேச வாய்ப்பும் இருந்தது. நந்தினிக்கு இரண்டும் இல்லை. பத்தாம் நூற்றாண்டின் பெண்ணுக்கு நூலாசிரியர் கொடுத்தது ஒரு மூடுபல்லக்கும் ஒரு கொலைவாளுமே. இரு பெண்களையும் படைத்தது ஒரே கை என்பதை வாசகர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தீர்ப்புகள்

வாசகர் எழுப்பிய வினாக்களுக்கு உறுதியான சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது. தொடர் முடிந்ததும், கதை சட்டென்று நின்றுவிட்டது போன்ற குறை வாசகரிடம் எழுந்தது. கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர், யார் யாரை மணந்தனர், கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் வகையில் வினாக்கள் எழுந்தன. கல்கி முடிவுரை ஒன்றை எழுதி அவற்றை எதிர்கொண்டார். சமூகக் கதையை மங்கலமாக முடித்துக் கதவைச் சாத்திவிடலாம்; வரலாற்றுக் கதையில் மாந்தர் வாழ்வு கதைக்கு அப்பாலும் தொடர்கிறது என்பது அவர் விடையின் சாரம். வாசகர் கேட்டதற்காக ஒரு நாவலாசிரியர் தம் படைப்பின் இறுதியிலேயே நின்று பதிலுரைத்தது தமிழில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி.

அம்முடிவுரைக்குப் பின்னும் வழக்கு முடியவில்லை. இத்தீர்ப்புகளை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, நந்தினியைக் குற்றவாளியாக நிறுத்தும் தீர்ப்பு. இவர்கள் பார்வையில் பழுவேட்டரையர் ஏமாற்றப்பட்ட பெருந்தகை. இறுதியில் இளவரசன் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று ஏற்றுத் தம் உயிரையும் மாய்த்துக்கொள்ளும் அவரது முடிவு, அதற்கு முன் அவர் செய்த பிழைகள் அனைத்தையும் கழுவிவிடுகிறது. இத்தீர்ப்பில் ஒரு பொருத்தமின்மை உண்டு. அரியணைக்கு உரியவரை மாற்ற நள்ளிரவுக் கூட்டம் நடத்தியவர் பழுவேட்டரையரே. அதற்கு மனைவியின் பல்லக்கை மறைவிடமாகப் பயன்படுத்தி மதுராந்தகனை ஏற்றிச் சென்றவரும் அவரே. மனைவி கணவனைக் கருவியாக்கினாள் எனின், கணவனும் மனைவியின் பல்லக்கைக் கருவியாக்கியிருக்கிறார். முன்னதைக் கண்ட கண்கள் பின்னதைக் காணவில்லை.

இரண்டாவது, இரங்கும் தீர்ப்பு. பிறந்த குடி தெரியாமல் வளர்ந்து, அரண்மனைப் பெண்களால் இழிவுசெய்யப்பட்டு, உயிர்ப்பிச்சை கேட்ட இடத்தில் குருதியைக் கண்டவள் வேறு என்ன செய்வாள் என்று இவர்கள் கேட்கின்றனர். பெண்ணின் நிலை பற்றிய சிந்தனை தமிழில் வளர வளர இத்தீர்ப்பு வலுப்பெற்றது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த மணிரத்னத்தின் திரைப்படத்தையும் இவ்வகையில் சேர்க்கலாம். திரைக்கு மாற்றுவதும் ஒருவகை வாசிப்பே. அப்படம் கரிகாலன், நந்தினி ஆகியோரின் இளமைக் காதலைக் கதையின் நெஞ்சாக்கிற்று. நாவலில் முடிவு கூறப்படாமல் மறைந்து செல்லும் அவளை நீரில் மூழ்கி இறக்கச் செய்தது. இரக்கமும் இறுதியில் அவளுக்கு ஒரு சாவையே பரிசளித்தது என்பது எண்ணத்தக்கது. முடிவு சொல்லாமல் விட்ட கல்கியின் அமைதி இதனினும் பெருந்தன்மையானது என்று கருதவும் இடமுண்டு.

மூன்றாவது, இலக்கியத் திறனாய்வாளர் தீர்ப்பு. தொடர்கதையின் வாராந்தரத் திருப்பங்கள் வாசகரைக் கட்டிவைக்கும் உத்திகளே. ஆழ்ந்த மனித ஆய்வுக்கு அங்கு இடமில்லை என்பது க.நா.சு. முதலானோர் வளர்த்த விமரிசன மரபின் எண்ணம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் வாசகரைக் கட்டிவைத்த அதே இடைவெளிதான் அவர்களைச் சிந்திக்கவும் வைத்தது. நல்லவள், கெட்டவள் என்னும் இரண்டு சொற்களுக்குள் அடங்காத ஒரு பெண்ணைப் பல்லாயிரம் குடும்பங்கள் மூன்றரை ஆண்டு தம் வீட்டில் வைத்துப் பேசியிருக்கின்றன. அப்பேச்சின் பயன் திறனாய்வின் தராசில் ஏறுவதில்லை.

படைப்பாளர்களும் வாசகர்களே. கல்கி விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். பின்னர் பாலகுமாரன் ‘உடையார்’ எழுதினார். 1999இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பதிப்புகள் பெருகின. மணியத்துக்குப் பின் வினு, பத்மவாசன் முதலியோர் கதைமாந்தர்க்குப் புதிய முகம் தீட்டினர். ஒவ்வோர் ஓவியமும் ஒரு தீர்ப்பு. நந்தினியின் கண்ணில் வஞ்சம் எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று ஓவியர் முடிவுசெய்தாக வேண்டும் அல்லவா?

கல் சொல்லும் பழுவூர்

இத்தனை தீர்ப்புகளுக்கும் இடையில் வழக்கில் சேர்க்கப்படாத சாட்சி ஒன்று உண்டு. அது பழுவூர்க் கல்வெட்டு. பழைய கல்வெட்டுப் பட்டியல்களில் இவ்வூர்கள் திருச்சிராப்பள்ளி மாவட்டம், உடையார்பாளையம் வட்டம் என்றே காணப்படும். 1995இல் பெரம்பலூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் வந்தன. 2001இல் பிரிந்து 2002இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் முதல் அரியலூர் மாவட்டத்தில் நிலைபெற்றன. மாவட்டப் பெயர் மாறினும் கல் மாறவில்லை.

அக்கல்வெட்டுகள் காட்டும் பழுவேட்டரையர், சோழர்க்கு எதிராகச் சதி செய்தவர் அல்லர். முதலாம் பராந்தகன் காலத்தில் பழுவேட்டரையன் கண்டன் அமுதன், பாண்டியனும் ஈழத்துப் படையும் சேர்ந்து வந்த வெள்ளூர்ப் போரில் சோழர் பக்கம் நின்று போரிட்டான். பழுவேட்டரையர் மகளைப் பராந்தகன் மணந்தான் என்றும், அவள் வயிற்றில் அரிஞ்சயன் பிறந்தான் என்றும் சுந்தர சோழனின் அன்பில் செப்பேடு கூறும். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். அவன் மகன் இராசராசன். எனவே, தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய வேந்தனின் பாட்டனுடைய தாய் பழுவூர்ப் பெண்.

நாவலில் பழுவூர்க் குலம் வேறு, சோழர் குலம் வேறு. இடையில் நின்று வஞ்சிப்பவள் மணவழி வந்த ஓர் அயற்பெண். செப்பேட்டிலோ இரு குலத்தையும் இணைத்தவளே மணவழி சென்ற ஒரு பழுவூர்ப் பெண். அவள் மணமும் அரசியல் மணமாகவே இருந்திருக்கக்கூடும். அதன் கணக்கு பகையில் முடியவில்லை. ஒரு பேரரசில் முடிந்தது.

இன்னொரு பெண்ணும் உண்டு. இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவி, பழுவூரைச் சேர்ந்த அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனார் மகள் என்று கல்வெட்டு குறிக்கிறது. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். கற்பனையில் பழுவூர் இளையராணி பாண்டியனுக்காகப் பழி முடிக்கிறாள்; மெய்யாக வாழ்ந்த பழுவூர் மகளோ பாண்டியன் பெயரைச் சோழன் தேவியின் பட்டமாகத் தாங்கியிருக்கிறாள். முதலாம் இராசேந்திரன் அவளது மகன் அல்லன். ஆயினும் அவள் மறைந்தபின் பட்டீச்சரத்தில் அவளுக்குப் பள்ளிப்படைக் கோயில் எழுப்பப்பட்டது அவன் காலத்திலேதான். மாற்றாள் மகன் காலத்தில் கோயில் கொண்ட ஒரு பெண், தன் மணவாழ்வில் எத்தகைய மதிப்பைப் பெற்றிருந்தாள் என்பதற்கு அதனினும் சான்று வேண்டியதில்லை.

கரிகாலன் கொலையைப் பற்றியும் கல் பேசுகிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, கொலைக்குற்றம் சாட்டப்பட்ட சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் பெயர்களையும் அவர்தம் உறவினர் நிலங்கள் பறிமுதலானதையும் கூறுகிறது. அப்பட்டியலில் பழுவேட்டரையர் எவரும் இல்லை. பழுவேட்டரையன் கண்டன் மறவன் இராசராசன் ஆட்சியிலும் பழுவூரில் தலைமை பெற்றிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தமையனைக் கொன்ற குற்றத்தில் பங்குடைய குலத்தை இராசராசன் அவ்வாறு விட்டுவைத்திருப்பானா என்று வினவினால், விடை தானே கிடைக்கும். கல்கி நீலகண்ட சாத்திரியார், சதாசிவப் பண்டாரத்தார் ஆகியோர் நூல்களைக் கற்றே எழுதினார். கற்பனைக்குரிய உரிமையை அவர் எடுத்துக்கொண்டார். அது நாவலாசிரியர் உரிமை. அக்கற்பனையை வரலாறாக ஏற்றுக்கொண்டது வாசகரின் விருப்பம். அதற்குப் பொறுப்பு ஆசிரியருடையது அன்று.

டாக்டர் இரா. கலைக்கோவன் போன்ற ஆய்வாளர் பழுவூரின் கோயில்களையும் கல்வெட்டுகளையும் விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளனர். நாவலைப் படித்தவர் எண்ணிக்கைக்கும் அவ்வாய்வுகளைப் படித்தவர் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியைக் கூறாமலே உணரலாம். நந்தினியின் அரண்மனையைத் தேடிப் பழுவூருக்கு வருபவர் அங்கு அரண்மனை எதையும் காணமாட்டார். கீழையூர் இரட்டைக் கோயிலின் சுவரருகே சிறிது நேரம் நின்றால், பெயர் தெரிந்த அரசர்களும், விளக்கெரிக்கக் கொடையளித்த எளிய மக்களும் அவருக்காகக் காத்திருப்பதை உணர்வார்.

நிறைவுரை

இவ்வட்டாரம் கேட்கவும் படிக்கவும் பழகிய நிலம். உ.வே. சாமிநாதையரின் தந்தையார் அரியலூரிலும் குன்னத்திலும் இராமாயணம் சொன்னதையும், இளமையில் உ.வே.சா. இப்பகுதியில் தமிழ் கற்றதையும் ‘என் சரித்திரம்’ வாயிலாக அறிகிறோம். கதை கேட்ட அவை, கதை முடிந்ததும் எழுந்து போய்விடுவதில்லை. கைகேயி செய்தது சரியா என்று வழிநெடுக வாதிட்டுக்கொண்டே வீடு சேரும். நந்தினியைப் பற்றிய வாதமும் அவ்வழியில் வந்ததே.

அவ்வாதத்தில் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, கணக்கு மணத்தில் ஆடவன் கணக்கிட்டால் அரசியல் என்றும், பெண் கணக்கிட்டால் வஞ்சம் என்றும் பெயரிடும் பழக்கம் வாசகரிடம் நெடுங்காலம் இருந்தது. அது இப்போது மெல்லத் தளர்ந்துவருகிறது. இரண்டாவது, வாசகர் தீர்ப்பு நூலைவிட அவர் வாழும் காலத்தையே மிகுதியாகக் காட்டுகிறது. மூன்றாவது, ஒரு கற்பனைப் பெண்ணுக்குக் கிடைத்த விசாரணை, மெய்யாக வாழ்ந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

இம்மூன்றாவது செய்தி கவிஞர்க்கு உரியது. பராந்தகனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்ற பழுவேட்டரையர் மகள் இருக்கிறாள். பட்டீச்சரத்துப் பள்ளிப்படையில் நினைவாகிவிட்ட பஞ்சவன்மாதேவி இருக்கிறாள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து கல்யாணிக்குப் பகைவன் மனைவியாகச் சென்ற வீரராசேந்திரன் மகள் இருக்கிறாள். கல்வெட்டு அவர்களைச் சிலரின் மகள், சிலரின் தேவி என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டது. அவர்கள் மனத்தில் அன்பிருந்ததா, கணக்கிருந்ததா, இரண்டும் இருந்தனவா என்று கேட்க ஒரு கல்கி வரவில்லை. அவர்கள் பிறந்து வளர்ந்த மண்ணில் பாடுவோர் இருக்கின்றனர். நந்தினிக்கு வழங்கிய நீதியில் ஒரு பகுதியையேனும் அப்பெண்களுக்கு வழங்குவது அவர்கள் கடமையாகும்.